காப்பிடத்தின் முதல் நாள்கள்: கொல்லிமலைச் சிறுமியரை முன்வைத்து உளக்காயமும் தற்கொலை இடரும்

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையராக வாழ்கின்றனர். அங்குப் பதினெட்டு வயது நிறையாத சிறுமி விரும்பியவனுடன் ஊரைவிட்டுச் சென்றால், சங்க அகமரபு உடன்போக்கு என்று பெயரிட்ட அச்செயல், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்முன் அவனைக் குற்றம் சாட்டப்பட்டவனாகவும் அவளைப் பாதிக்கப்பட்டவளாகவும் நிறுத்துகிறது. (இவ்வொப்புமை குழந்தை மணத்திற்கு நியாயம் கற்பிப்பதன்று.) விடலைப் பருவக் காதல் உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று எனச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சனவரியில் தீர்ப்பளித்தார். எனினும் விசாரணை முடியும்வரை அச்சிறுமி காப்பிடத்தில் தங்க நேரலாம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சிறாரை இரு வகையாகப் பிரிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் கூர்நோக்கு இல்லத்திற்கும், குழந்தை மண ஆபத்தில் உள்ளவர் போன்றோர் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி குழந்தைகள் இல்லத்திற்கும் அனுப்பப்படலாம். பெயர்கள் வேறு, பூட்டிய வாயிலின் உள்ளே இருப்பவளுக்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பல மாவட்டங்களுக்கு ஒரு கூர்நோக்கு இல்லம் என்பதையும் சட்டம் ஏற்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மகளைக் காணவரும் கூலித் தாய்க்கு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு நாள் ஊதிய இழப்பு.

கிராமத்துச் சிறுமி இடரைச் சுமந்தே உள்ளே வருகிறாள். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த ஆய்வில், 10–19 வயதினரின் ஆண்டுத் தற்கொலை வீதம் இலட்சத்திற்குப் பெண்களில் 148, ஆண்களில் 58. இது காப்பிடங்களைப் பற்றிய ஆய்வன்று. அவற்றின் வாயிலுக்கு வெளியே உள்ள நிலையைக் காட்டுவது.

காவலிடங்களில் முதல் நாள்களே இடர் மிகுந்தவை எனப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. நம் சட்டமோ சமூகப் புலனாய்வுக்குப் பதினைந்து நாள் தருகிறது. சிக்கல் இவ்விடைவெளியில் உள்ளது. உளக்காயத்தால் உறைந்து பேசாதிருப்பவளை அடக்கமானவள் என்று பதிவேடு குறித்துவிடக்கூடும். தன்னைக் காயப்படுத்திக்கொண்டவளைத் தனியறையில் அடைப்பது இடரைக் கூட்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, அவருக்குச் சிகிச்சையளிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 (பிரிவு 115).

ஆகவே, வந்த அன்றே, மலைப்பேச்சு விளங்கும் பெண் ஒருவர் அவளிடம் தனியே அமர்ந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. அன்றிரவே தாயின் குரலைத் தொலைபேசியில் கேட்கச் செய்வதற்குப் பதினைந்து நாள் அறிக்கை தேவையில்லை.