இதயத்துக்குள் இருக்கும் காவலர்கள்

1978-இல் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராவதற்கு முன் ஷா ஆலம் பால்மரக் காடாக இருந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் என்று அதற்குப் பெயர். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, சீவிப் பாலெடுத்த கால்கள் அந்த மண்ணில் ஓய்ந்ததில்லை. அப்படிப்பட்ட தோட்டக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கூலியும் குறைவு, மலேரியாவும் உண்டு. ஆனால் உடல் அசைந்துகொண்டே இருந்தது. அந்த அசைவு நின்றுபோனால் இதயத்தில் என்ன மாறும்?

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் இதற்கு முதல் தடயத்தைத் தந்தார். மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களையும், படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே பேருந்து, ஒரே ஊர். இதயநோய் ஓட்டுநர்களையே அதிகம் தாக்கியிருந்தது.

காரணத்தின் ஒரு பகுதி இதயத் தசையின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. அந்த உயிரணுவின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்திருப்பவை இழைமணிகள் எனப்படும் மைட்டோகாண்ட்ரியாக்கள். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம், தனக்குத் தேவையான ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுகளில் பெரும்பகுதியை இவற்றிடமிருந்தே பெறுகிறது. கையிருப்போ சில விநாடிகளுக்குத்தான் வரும். மாடிப்படி ஏறினாலும், கோபத்தில் கொதித்தாலும், பயத்தில் நடுங்கினாலும் தேவை சட்டென்று உயரும். அப்போது கால்சியம் அயனிகள் இழைமணிக்குள் நுழைந்து உற்பத்தியை முடுக்கிவிடும். இந்த உற்பத்தியில் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளும் கசியும். அவற்றை அடக்கும் நொதிகள் இழைமணிக்குள்ளேயே உண்டு; பழுதான இழைமணிகளை உயிரணுவே செரித்து அகற்றிவிடும்.

மாரடைப்பில்தான் கதை விபரீதமாகிறது. இரத்தக்குழாய் அடைபட்டு ஆக்சிஜன் நின்றதும், ஏடிபியை உண்டாக்கிய அதே நொதி திசைமாறி இருப்பதைத் தின்னத் தொடங்கும். பிறகு அடைப்பு நீங்கி இரத்தம் பாயும் வேளையிலும் ஆபத்து இருக்கிறது. திடீரென்று வரும் ஆக்சிஜனும் ஏற்கெனவே குவிந்த கால்சியமும் சேர்ந்து இழைமணியின் படலத்தில் ஒரு துளையைத் திறந்துவிடும். துளை திறந்தே கிடந்தால் உயிரணு சாகும். அதுவரை உயிர் கொடுத்த இழைமணியே சாவைத் தீர்மானிக்கிறது.

1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகிய மூவர் ஒரு வியப்பைக் கண்டார்கள். நாய்களின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அதன்பின் 40 நிமிடம் அடைத்தபோது, முன்பயிற்சி இல்லாத நாய்களோடு ஒப்பிட்டால் தசைச் சேதம் கால்பங்காகக் குறைந்திருந்தது. சிறு துன்பத்தைப் பழகிய இதயம் பெருந்துன்பத்தைத் தாங்கியது. அந்தத் துளை எளிதில் திறக்காமல் போவது இதற்கு முக்கியக் காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

இதை மருந்தாக்க நடந்த முயற்சிகள் ஏமாற்றமளித்தன. துளையை மூட வல்ல சைக்ளோஸ்போரின் 2015-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தரவில்லை. கையில் பட்டை கட்டி இரத்தவோட்டத்தைச் சற்று நிறுத்திப் பிறகு திறந்துவிடும் முறையும் 2019-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தோற்றது.

உடற்பயிற்சி மட்டும் ஏமாற்றவில்லை. ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் இதயம், சில நாள் பயிற்சியிலேயே இரத்தத் தடையைத் தாங்கும் வலிமை பெற்றது. பயிற்சியை நிறுத்தி ஒன்பது நாளான பிறகும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. 18 நாளில் மறைந்துவிட்டது. மனித இதயத்துக்கு இந்த நாட்கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஷா ஆலம் ஏரிப் பூங்காவில் காலையில் வேகமாக நடப்பவர் எடைக்காக மட்டும் நடக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மலேசிய இந்தியர்களுக்கு இது தலைபோகிற காரியம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. இனிப்புநீர் கண்ட இதயத்தில் இழைமணிகள் கொழுப்பையே அளவுக்கு மீறி எரிக்கின்றன; தீங்கான ஆக்சிஜன் கசிவும் கூடுகிறது. டியூக் ஆய்வில் கண்ட முன்பயிற்சிப் பாதுகாப்பு, இனிப்புநீர் உள்ள விலங்குகளில் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. தே தாரிக்கில் சீனியைக் குறைப்பதும், சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதும் அந்தப் பாதுகாப்பை மீட்கும் வேலையின் ஒரு பகுதி.

நெஞ்சு இறுக்கி, வியர்த்து, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் நம் வீடுகளில் முதலில் வருவது “காற்றுப் பிடித்திருக்கும்” என்ற பேச்சும் கோடாலித் தைலமும்தான். அடைப்பு ஏற்பட்டுச் சுமார் 20 நிமிடத்தில் தசை உயிரணுக்கள் மீளமுடியாதபடி சாகத் தொடங்கும்; சில மணி நேரத்தில் அந்தப் பகுதியின் பெரும்பாலானவை போய்விடும். தைலத்தைத் தேடும் கை 999-ஐ அழைத்தால், குழாயைத் திறக்கும் மருத்துவர்களிடம் இன்னும் உயிரோடு இருக்கும் தசை போய்ச் சேரும்.