இலைவழி ஊட்டமும் திராட்சையின் தரமும்

ரொறன்ரோவின் கிழக்கே, தமிழர் கணிசமாக வாழும் ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கிலிருந்து ஒன்ராறியோ ஏரியின் மேற்குக் கரையைச் சுற்றிச் சென்றால் அடையக்கூடிய நயாகரா தீபகற்பமே, கனடாவில் வைன் திராட்சை மிகுதியாக விளையும் நிலமாகும். ஏரிநீர் குளிரைத் தணித்தாலும் அங்கு வளர்பருவம் குறுகியது என்பதால், சில ஆண்டுகளில் கனி முழுமையாக முதிராமல் புளிப்பு மிகுந்தும், தோலின் நிறமும் துவர்ப்புப் பொருளான டானினும் குறைந்தும் போகின்றன. இவ்வகைக் குறைகளை ஓரளவு சரிசெய்ய உழவர் கையாளும் முறைகளுள் ஒன்று, ஊட்டச்சத்தைக் கரைசலாக்கி நேரடியாக இலைமேல் தெளிக்கும் இலைவழி ஊட்டம்.

திராட்சை இலையில் மருந்து தெளிக்கும் வழக்கம் பரவியது பிரான்சில். போர்தோ பகுதியில் வழிப்போக்கர் பழம் பறிப்பதைத் தடுக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்ததையும், அக்கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காததையும் கண்ட தாவரவியலாளர் மில்லார்தே, ஆய்ந்து 1885இல் வெளியிட்ட கலவையே இன்றும் போர்தோ கலவை எனப்படுகிறது. அன்று நோயைத் தடுப்பதற்கென்று தொடங்கிய தெளிப்பு, பின்னர் கனியின் வேதியியலையே மாற்றும் கருவியாக வளர்ந்தது.

இலையின் மேற்பரப்பை மெழுகுப் படலம் மூடியிருப்பினும், அதிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே சிறு மூலக்கூறுகள் உட்புகுகின்றன. திராட்சையில் இலைத்துளைகள் அடிப்புறத்தில் இருப்பதால், கரைசல் அப்பக்கத்திலும் படியுமாறு தெளிப்பது நல்லது. நண்பகல் வெயிலில் துளிகள் விரைவில் உலர்ந்துவிடுவதோடு, செறிவு மிகுந்தால் இலையும் கருகும் என்பதால், காலையோ மாலையோ தெளிப்பதே முறை.

இத்தெளிப்புகளுள் நன்கு ஆராயப்பட்டது நைட்ரசன் ஊட்டமாகும். பழச்சாற்றைப் புளிக்கவைத்து வைனாக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு, சர்க்கரை மட்டுமன்றி அது உட்கொள்ளத்தக்க நைட்ரசனும் வேண்டும். லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராமுக்குக் கீழே அது குறைந்தால் நொதித்தல் இடையில் நின்றுபோகவும், அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரசன் சல்பைட்டு உருவாகவும் கூடும். அக்குறையை நீக்க மண்ணில் உரத்தை அள்ளிப்போட்டால் கொடி தழைத்துப் படர்ந்து, கொத்துகள் நிழலில் மூடுண்டு அழுகல் நோய்க்கு இடந்தரும். மாறாக, கனி நிறம் மாறத் தொடங்கும் பருவத்தில் யூரியாவைச் சிறு அளவில் இலைமேல் தெளித்தால், தழை பெரிதும் பெருகாமலே பழச்சாற்றில் நைட்ரசன் உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனினும், மிகையான நைட்ரசனும் தீங்கே. ஈஸ்ட் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கையில் வெளிவிடும் யூரியா, மதுசாரத்துடன் வினைபுரிந்து எதில் கார்பமேற்றைத் தோற்றுவிக்கும். புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் எனக் கருதப்படும் இப்பொருளுக்கு 1985இலேயே வரம்பு விதித்த நாடு கனடா. அங்கு உணவோடு அருந்தும் சாதாரண வைனுக்கு உரிய வரம்பு, நூறு கோடிப் பங்கில் 30 பங்கு.

நுண்ணூட்டங்களின் பணி வேறு. பூக்கும் முன் தெளிக்கப்படும் போரான் பிஞ்சு பிடிக்க உதவுகிறது. துத்தநாகம் குறைந்தால் ஒரே கொத்தில் பெரிதும் சிறிதுமாய்க் காய்கள் அமையும். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும். மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட லாலமாண்ட் நிறுவனம், உயிர்நீக்கிய ஈஸ்ட்டின் கூறுகளைக் கனி நிறம் மாறும் பருவத்தில் இலைமேல் தெளிப்பதற்கென விற்கிறது. இது சத்தாக அன்றி, கொடியின் தற்காப்பைத் தூண்டித் தோலைத் தடிப்பாக்கும் குறிப்பாகச் செயற்படுகிறது என்பது கருத்து. ஆயினும் அதன் பயன் வகைக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறுபடுகிறது.

தரம் என்பதும் எங்கும் ஒன்றன்று. மகாராட்டிரத்தின் நாசிக்கில், விதையற்ற உண்ணும் திராட்சையைப் பருமனாக்க வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரலிக் அமிலத்தைக் கொத்துகளுக்கு இடுவர். சிவப்பு வைனுக்கோ நிறமும் டானினும் தோலில் உறைவதால், சிறு பழமே விரும்பப்படுகிறது.

ஆகவே, இலைவழி ஊட்டம் வேருக்கு மாற்றன்று, துணையே. சாறெல்லாம் நீர்த்துப்போகுமளவு காய்ப்பை விட்டு வைத்த கொடியையோ, வெளிச்சம் புகாத புதரையோ எந்தத் தெளிப்பும் மீட்காது. இலைக்காம்பைச் சோதனைக்கூடத்தில் ஆய்ந்து, எது குறைகிறது என்று அறிந்து, அதை உரிய பருவத்தில் உரிய அளவில் கொடுப்பவருக்கே அது பயன் தரும். குறை அறியாமல் தெளிப்பவர் செலவைக் கூட்டுவதோடு, சில வேளைகளில் வைனின் தரத்தையும் கெடுத்துக்கொள்கிறார்.