பக் ஓநீல்: வீரர்களைக் கண்டெடுத்தவருக்கு மறுக்கப்பட்ட களம்

அமெரிக்க பேஸ்பாலில் 'ஸ்கவுட்' என்றொரு பணி உண்டு. ஊர் ஊராகச் சென்று, கல்லூரி மைதானங்களில் ஆடும் இளைஞர்களைக் கவனித்து, பெரிய அணிக்குத் தேறுபவர் யார் என்று கணித்துச் சொல்வது ஸ்கவுட்டின் வேலை. ஆட்டக்காரராகத் தொடங்கி அந்தப் பணியில் தடம் பதித்தவர் பக் ஓநீல்.

யார் இவர்?

1911-ல் ஃபுளோரிடா மாநிலத்தின் கேரபெல் ஊரில் பிறந்தார். சிறுவயதில் சரசோட்டாவின் செலரி வயல்களில் உழைத்தார். கறுப்பினத்தவர் என்பதால் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் அணிகளும் கறுப்பின வீரர்களுக்குக் கதவை மூடியிருந்தன. அதனால் அவர்களுக்கெனத் தனியாக நடந்த 'நீக்ரோ லீக்' போட்டிகளில் ஆடினார். 1938-ல் கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் சேர்ந்து, ஓட்டக்காரர்கள் தொட்டுக் கடக்க வேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸைக் காத்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர், 1948-ல் அதே அணியின் மேலாளரானார்.

ஸ்கவுட் ஆனது எப்படி?

1947-ல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி நிறத்தடையை உடைத்தார். திறமையான இளைஞர்கள் மேஜர் லீக் பக்கம் போகப்போக, நீக்ரோ லீக் நலிந்தது. ஓநீலிடம் ஆடிய எர்னி பேங்க்ஸையே 1953-ல் மேஜர் லீக் அணியான சிகாகோ கப்ஸ் வாங்கியது. சில ஆண்டுகளில் ஓநீலும் அந்த அணிக்கு ஸ்கவுட்டாகச் சென்றார். மற்றவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத தென் மாநிலக் கறுப்பினக் கல்லூரிகள் அவருக்கு அத்துபடி. லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடிய லூ பிராக்கை அவர் பரிந்துரைக்க, 1960-ல் கப்ஸ் ஒப்பந்தம் செய்தது. பின்னாளில் 938 பேஸ்களைத் 'திருடி', அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து, சாதனை படைத்தவர் பிராக்.

பயிற்சியாளராக என்ன நடந்தது?

1962-ல் கப்ஸ் அவரைப் பயிற்சியாளராக்கியது. மேஜர் லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர்தான். அப்போது அந்த அணிக்கு நிரந்தர மேலாளர் கிடையாது. பயிற்சியாளர்கள் முறைவைத்துத் தலைமை தாங்கினார்கள். ஓநீலுக்கு மட்டும் அந்த முறை வரவே இல்லை. பேஸ் கோட்டருகே நின்று ஓட்டக்காரர்களுக்குச் சைகை காட்டும் பொறுப்பைக்கூட அவரிடம் தரவில்லை. ஓர் அணியையே பல ஆண்டுகள் வழிநடத்தியவருக்கு நேர்ந்த அநீதி இது.

அங்கீகாரம் எப்போது வந்தது?

1990-ல் கான்சாஸ் சிட்டியில் நீக்ரோ லீக் அருங்காட்சியகம் உருவாக முன்னின்றார். 2006-ல் நீக்ரோ லீக் காலத்தையும் அதற்கு முந்தைய காலத்தையும் சேர்ந்த 17 பேரை பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆயினும் 94 வயதில், அந்த மண்டபம் அமைந்த கூப்பர்ஸ்டவுனில் நடந்த விழாவில் மேடையேறி, அந்த 17 பேருக்காகவும் மனமுவந்து பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கான இடம் 2022-ல்தான் கிடைத்தது.

தேடப் போகிறவர் யார் என்பதைப் பொறுத்தே கண்டெடுக்கப்படுபவர் யார் என்பதும் அமைகிறது. பிராக் படித்த கல்லூரியை அறிந்த ஒருவரை அனுப்பியதால்தான் கப்ஸுக்கு பிராக் கிடைத்தார். ஓநீலின் கணிப்பை நம்பிய அணி, அவர் தலைமையையும் நம்பியிருக்க வேண்டும்.