காரில் பிளாஸ்ரிக் கருகும் மணம்

பிள்ளைகளும் மூட்டைகளும் நிறைந்த காரில் பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தால், உடனே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுவோம். பொனற்றுக்குள் புகை தெரிந்தால் அதை அகலத் திறக்கக் கூடாது. காற்றுப் பட்டு நெருப்பு மூளும்.

புகை இல்லையேல் முதலில் காரின் அடியைப் பார்ப்போம். வீதியிற் கிடந்த பொலித்தீன் பை சூடான புகைக் குழாயில் ஒட்டி உருகியிருக்கலாம். குழாய் ஆறியபின் மரத்துண்டால் சுரண்டிவிட்டாற் போதும்.

அதுவும் இல்லையென்றால் வயர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிட்டு, பியூஸ் பெட்டியிலும் ஹெட்லைற் இணைப்புகளிலும் நிறம் மாறிய, இளகிய இடத்தைத் தேடுவோம். தளர்ந்த இணைப்பும் களிம்பு பிடித்த இணைப்பும் சூடாகும். அவற்றைச் சுத்தஞ்செய்து இறுக்கலாம். கருகிய வயருக்குப் பதிலாக அதே தடிப்புள்ள வயரையே போட வேண்டும்.

பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சமாளிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதைக் கெட்டித்தனம் என்றும் நினைக்கிறோம்! 12 வோல்ற் காரில் 55 வாற் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 அம்பியர் மட்டுமே இழுக்கும். தோல் உரிந்த வயர் காரின் இரும்பில் முட்டினாலோ அதைப்போலப் பல மடங்கு பாயும். அப்போது பியூஸ் உருகி மின்சாரத்தை நிறுத்தும். ஈயத்தாள் இலகுவில் உருகாது, வயர்தான் எரியும். கூடிய அம்பியர் பியூஸ் போடுவதும் இதே கதைதான்.