சீட்டு எடுங்கள், பாட்டு கேளுங்கள்!

பரண் மேல் தூங்கும் இசைத்தட்டுகளுக்கு ஒரு புது வாழ்வு

சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் பரண் மேல் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே கறுப்பு இசைத்தட்டுகள். தாத்தா சேர்த்த சொத்து. வீட்டை இடிக்கும்போதோ, பங்கு பிரிக்கும்போதோ அது பழைய சாமான் வியாபாரியின் வண்டிக்குப் போய்விடுகிறது.

அப்படிப் போவதற்குள் அதில் உள்ள பாட்டுகளைக் காப்பாற்ற முடியுமா? முடியும். அதற்கு வேண்டியது சில துண்டுக் காகிதங்களும் ஒரு பித்தளைச் செம்பும்!

சேலத்தில் பிறந்த பாட்டுகள்

இந்த மண்ணுக்கும் இசைத்தட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. திருச்செங்கோட்டைத் தம் பெயரிலேயே வைத்திருந்த டி.ஆர்.சுந்தரம், 1930-களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனியைத் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’ படத்துக்கு இசை ஜி.ராமநாதன். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் அதில் பாடிய பாட்டு இன்றும் பலருக்குப் பாடம். 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வண்ணத்தில் வந்தது. அதில் ஏ.எம்.ராஜாவும் பானுமதியும் பாடினார்கள்.

1963-ல் சுந்தரம் மறைந்தார். பின்னர் கம்பெனியும் மூடப்பட்டது. ஏற்காடு போகும் சாலையில் அதன் நுழைவு வளைவு நிற்கிறது. அங்கே பிறந்த பாட்டுகளோ, வாங்கியவர்களின் வீட்டுப் பெட்டிகளில் தட்டுகளாகக் கிடக்கின்றன.

தட்டு மூன்று வகை

பழைய தட்டு அரக்கால் ஆனது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. சுமார் மூன்று நிமிஷம். கீழே விழுந்தால் அப்பளம்தான்! இவை 1960-களிலும் நம் நாட்டில் வெளிவந்தன.

பிறகு வந்தவை பிளாஸ்டிக் தட்டுகள். சிறியது 45 சுற்று. பெரும்பாலும் நான்கு பாட்டு. பெரியது 33⅓ சுற்று. ஒரு பக்கமே இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும்.

பட்டியல் கொடுத்த காலம்

1963-ல் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகம் செய்தது. 1980-களில் ஊருக்கு ஊர் ‘ரிக்கார்டிங் சென்டர்’கள் முளைத்தன. பிடித்த பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். கடைக்காரர் தட்டிலிருந்து எடுத்துக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்.

அதில் ஒரு குறை இருந்தது. எல்லாப் பட்டியலிலும் பெயர்பெற்ற பாட்டுகளே திரும்பத் திரும்ப வந்தன. தட்டின் மறு பக்கத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காத பாட்டு கேசட்டில் ஏறவில்லை. கேசட்டில் ஏறாத பாட்டு மறந்தே போயிற்று. விருப்பம் என்பது தெரிந்ததை மட்டும்தான் தேடும். தெரியாததைக் கொண்டுவரக் குலுக்கல் வேண்டும்.

குலுக்குவது எப்படி?

நாற்பது அரக்குத் தட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒன்றாக எண்பது பாட்டு. எண்பது சீட்டில் தட்டின் எண்ணையும் பக்கத்தையும் எழுதிச் செம்பில் போடுங்கள். வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஒன்பது பாட்டு கொள்ளும். ஆகவே பதினெட்டுச் சீட்டு. வந்த வரிசையிலேயே பதிய வேண்டும். ‘இது வேண்டாம், வேறு எடு’ என்று சொல்லக் கூடாது! பக்திப் பாட்டுக்குப் பின்னால் காதல் பாட்டு வரலாம். அதை அடுத்துச் சோகப் பாட்டு வரலாம். வரட்டும். அதுதான் வேடிக்கை.

எடுத்த சீட்டைத் திரும்பச் செம்பில் போடக் கூடாது. அடுத்த கேசட்டுக்கு மிச்சம் 62 சீட்டிலிருந்து எடுங்கள். ஐந்தாவது கேசட்டில் செம்பு காலியாகும். ஒரு பாட்டுகூட விடுபட்டிருக்காது!

கேசட் கருவி இல்லாதவர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் பென்டிரைவில் பதியலாம். கணக்கு ஒன்றுதான்.

கவனம் தேவை

அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள். தட்டும் அப்படியே கரையும். மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும்.

அரக்குத் தட்டின் பள்ளம் அகலம். அதற்கென்று உள்ள முள்ளையே போட வேண்டும். பிளாஸ்டிக் தட்டின் முள் நுண்ணியது. அது அகலப் பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சல் கிளப்பும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வேகத் திருகையும் பாருங்கள். 45 தட்டை 78-ல் வைத்தால் டி.எம்.சௌந்தரராஜனும் சிறு குழந்தைக் குரலில் பாடுவார்!

கேசட்டின் முதல் சில விநாடி நாடாவில் ஒலி பதியாது. அது ஓடிய பிறகு தொடங்குங்கள். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சிறு தடுப்புகளை உடைத்துவிடுங்கள். யாரும் தவறி அழித்துவிட முடியாது.

சேலம் வெயிலில் பிளாஸ்டிக் தட்டு வளைந்துவிடும். புத்தகம் போல நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். பதிந்ததை வீட்டில் கேளுங்கள். விற்பனை செய்வது குற்றம்.

எழுதி வையுங்கள்

கேசட் அட்டையில் பாட்டு, படம், பாடியவர் பெயர்களை எழுதுங்கள். தட்டு உறையில் அச்சாகாத விவரம் ஒன்று உண்டு. அதை வாங்கியது யார், எதற்காக வாங்கினார்கள் என்பதே அது. கல்யாணத்துக்கு வாங்கியதா? முதல் சம்பளத்தில் வாங்கியதா? ஆடித் திருவிழாவில் ரேடியோ செட்டில் கேட்டு ஆசைப்பட்டதா? இது வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

தட்டு இன்னும் பல ஆண்டு பாடும். பெரியவர்களைத்தான் காத்திருக்க வைக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள்!