பந்து எங்கே போச்சு?

கோலார் தங்கவயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் காது உண்டு. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் என்றால் லைனுக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும். அதை ஜன்னல் கம்பியில் மாட்டி, சென்னை நிலையம் பிடிபடும்வரை இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். கொரகொரப்பு அடங்கி ஒரு குரல் தெளிந்து வரும். அப்துல் ஜப்பார்!

சாத்தான்குளத்துக்காரர். வானொலி நாடகங்களில் நடித்துப் பழகிய குரல். 1980இல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளாவும் மோதிய ரஞ்சி ஆட்டத்தைத் தமிழில் வர்ணித்துத் தொடங்கியவர். கூத்தபிரானும் ராமமூர்த்தியும் அந்த வர்ணனை வரிசையில் கேட்ட மற்ற குரல்கள். பந்து வீசுபவர் எங்கிருந்து ஓடி வருகிறார், பந்து எங்கே குத்தியது, மட்டையின் எந்தப் பக்கம் பட்டது, எல்லைக்கோட்டை நோக்கி யார் ஓடுகிறார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்பவர் கண்ணில் மைதானம் விரியும். சேப்பாக்கத்தை ஒருநாளும் பார்த்திராத எங்கள் லைனில், எந்த முனையிலிருந்து காற்று அடிக்கிறது என்றுகூட வாதம் நடக்கும்.

எங்கள் ஊருக்குக் காதால் பார்ப்பது புதிதல்ல. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் விலகு. இதே சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல், கண்ணுக்கே தெரியாமல் பாறையை ஊடுருவும் நியூட்ரினோவின் தடத்தை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அந்தச் சுரங்கத்தில் பாறையைத் தட்டிக் கேட்கத் தெரிந்த என் நைனாவுக்கு ரேடியோ மேட்ச் எம்மாத்திரம்?

ஆனால் அவர் ஒரு மேட்சையும் முழுசாகக் கேட்டதில்லை. டாஸ் போடும்போது பூமிக்கடியில் இருப்பார். கூண்டு ஏறி வெளியே வந்ததும், முகத்தைக் கழுவுவதற்கு முன்னால், டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி: "ஸ்கோர் என்னடா?"

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர் நெருங்கும்போது டீக்கடையில் கிளாஸ் வைக்கும் சத்தம்கூட இல்லை. ஸ்கோர் 347இல் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. ரேடியோவில் "டை" என்றதும் கடையே குழம்பியது. "டிரா தெரியும்ணே, டைன்னா என்ன? ஜெயிச்சமா, தோத்தமா?" என்று ஒருவர் கேட்டார். "ரெண்டும் இல்லடா, ரெண்டு பேரும் சமம்" என்றார் நைனா. "அதுக்கா அஞ்சு நாளு ஆடுனாங்க?" கடையே சிரித்தது. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் அப்படி நடந்தது என்பது எங்களுக்கு மறுநாள் பேப்பரில்தான் தெரிந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. மார்ச் 18ஆம் தேதி சேப்பாக்கத்தில் மறுபடி ஆஸ்திரேலியா. ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்தார். 2 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்துத் தொடரையும் வென்றது. நைனா முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை கேட்டார். ஐந்து நாளும். லைனே குதித்தது, அவர் மட்டும் ரேடியோவை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இன்று ஜன்னல் கம்பியில் டிரான்சிஸ்டர் இல்லை. கூரையில் டிஷ் இருக்கிறது. விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள், இரவு திரும்பும்போது கைபேசியில் ஐபிஎல் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென்றே சேனல் தொடங்கியது. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஆர்ஜே பாலாஜி என்று வர்ணனை அறையே ஒரு திண்ணை. கலாய்ப்பு, கதை, அந்த ஷாட்டை ஏன் ஆடினார் என்கிற நுட்பம் எல்லாம் உண்டு. ஆடியவர்களே பேசும்போது கிடைக்கும் விவரம் அன்று எங்களுக்குக் கிடைத்ததில்லை. பந்து போன இடத்தை அவர்கள் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். திரையில்தான் தெரிகிறதே.

ஜப்பார் 2020 டிசம்பர் 22 அன்று காலமானார். செய்தியைச் சொன்னபோது நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவரு மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டார். போனில் படம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கண்ணில் புரை.

போன வருஷம் ஒரு சென்னை மேட்ச். டிவி முன்னால் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அய்யய்யோ, என்னா அடி! பாருங்க, பாருங்க!" என்று டிவியில் ஒரே கூச்சல். நைனா என் பக்கம் திரும்பினார்.

"பந்து எங்கேடா போச்சு?"

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"பந்து கொஞ்சம் முன்னாடி குத்துச்சு நைனா. இறங்கி வந்து தூக்கிட்டான். லாங் ஆன்ல நிக்கிறவன் பின்னாலயே ஓடுறான், ஓடுறான்..."

அவர் தலை மெல்ல நிமிர்ந்தது.