பட்டிப்பொலப் பாதையில் ஒரு சோடிக் காலுறை

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர். ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் இந்த வட்டாரத்துப் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடப்பதுண்டு. இங்கே கம்பளிக் காலுறை அவசியப் பொருள். அதைப் பின்னுவதற்கும் ஆடி அசைந்து மலையேறும் கோச்சியே தோதான இடம்.

ஸ்வெட்டர் மடியை அடைத்துக்கொள்ளும். காலுறை கைப்பைக்குள் அடங்கிவிடும். பெரியவர் ஒருவரின் சோடிக்கு 100 கிராம் நூல் போதும். குதிகால் சீக்கிரம் தேயும் என்பதால் கொஞ்சம் நைலோன் கலந்த கம்பளி நூலே நல்லது. குட்டை ஊசிகள் நாலைந்தை வைத்துப் பின்னுவது பழைய முறை. வளைவில் வண்டி குலுங்கினால் ஒன்று நழுவி ஆசனத்துக்கு அடியில் உருண்டோடும். இரண்டு முனைகளையும் வடம் இணைக்கும் வட்ட ஊசியில் அந்தத் தொல்லை இல்லை.

நிறங்களுக்கு ஜன்னலோரம் போதும். தூரத்தில் ஒரே பச்சையாகத் தெரியும் தேயிலை மலை, கிட்டே வந்தால் பிரிந்துவிடும். முற்றிய இலை கரும்பச்சை. அதன்மேல் எழும் கொழுந்தில் மஞ்சள் கலந்திருக்கும். கவாத்து வெட்டிய மலையில் சாம்பல் படிந்த பழுப்பு. நானுஓயா தாண்டினால் அம்பேவெல மேய்ச்சல் நிலம். மரக்கறித் தோட்டங்களில் நீலம் ஓடிய லீக்ஸ். பட்டிப்பொலவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறினால், இருண்ட இலைகளுக்கிடையே செக்கச்செவேலென்று மகரத்மல் பூ. மரம் முழுக்க இருள், பூ கொஞ்சம். அந்தக் கணக்கைத்தான் நூலில் எடுக்க வேண்டும்: காலுறை முழுக்கக் கரும்பச்சை, விளிம்பில் இரண்டே வரி சிவப்பு.

பட்டிப்பொலவை விட்டதும் பாதையின் உச்சி, பிறகு சுரங்கம். இந்தப் பக்கம் மூடுபனி கவிந்திருக்க, அந்தப் பக்கம் ஊவா மலைகளில் வெயிலடிக்கும் நாட்கள் உண்டு. குதிகால் திருப்புவதை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணியை எண்ணினால் மலை போய்விடும். மலையைப் பார்த்தால் கண்ணி போய்விடும்.

இந்த மலையில் கம்பளிக்குப் பழைய கணக்கொன்றும் உண்டு. கோப்பிக் காலம் தொட்டுத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் குளிரைத் தாங்கியது தோட்டம் கொடுத்த முரட்டுக் கம்பளியால். அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்த ரயில், அவர்கள் விளைவித்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கியது.

பச்சையின் சாயல்களைப் படிக்க, கொழுந்தெடுக்கும் பெண்களின் கையைக் கவனித்தால் போதும். நிறத்தையும் பதத்தையும் வைத்து, எது கூடைக்கு, எது செடிக்கு என்று நொடியில் பிரிக்கும் கை அது. அத்தனை நுட்பம் இருந்தும், கிலோ குறைந்தால் பல தோட்டங்களில் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான்.